மோனிக்கம்மாளின் கூடை

ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் புனித மோனிக்காவின் திருநாள். முன்பு மே 4ஆம் நாளில் கொண்டாடப்பட்டு வந்த இத்திருநாள், 1969ஆம் ஆண்டின் திருவழிபாட்டு நாள்காட்டிச் சீரமைப்பின்போது மகனுடைய திருநாளின் முந்தைய நாளுக்கு மாற்றப்பட்டது. அன்று நம் பங்குகளில் அன்னையர்க்கெனச் சிறப்புத் திருப்பலி நடைபெறும். மறையுரை எவ்வாறு அமையும் என்பது கோவிலில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும். தாய் அழுதார், மகன் மனந்திரும்பினார், ஆகவே தாய்மாரே, அழுது மன்றாடுங்கள். இம்மறையுரையை நானும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆற்றி வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு திருப்பலி முடிந்ததும் தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். "மோனிக்கம்மா மாதிரிதான் சாமி நானும் அழுதுக்கிட்டு இருக்கேன். எம் மக திரும்பி வரணும்" என்றார். எங்கிருந்து, எதிலிருந்து திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நவநாள் செபம் சொல்லிக் கொடுத்தேன்; கருத்துத் திருப்பலிக்கும் பெயரைக் குறித்துக்கொண்டேன். பின்னர்தான் செய்தி தெரிய வந்தது. அம்மகள் வழிதவறிப் போனவள் அல்லள். அடுத்த பங்கைச் சேர்ந்த கத்தோலிக்க இளைஞர் ஒருவரை மணந்திருந்தாள். மூன்று ஓலையும் வாசிக்கப்பெற்று, சாட்சிகள் முன்னிலையில், பீடத்தின் அருகே நடந்த திருமணம் அது. குறை ஒன்றே ஒன்றுதான்: மணமகன் வேறு சாதி. அத்திருமணம் முறிந்து மகள் வீடு திரும்ப வேண்டும் என்பதே அத்தாயின் கண்ணீருக்குப் பொருள். அந்தக் கண்ணீரைத்தான் நான் மோனிக்காவின் பெயரால் ஆசீர்வதித்து அனுப்பியிருந்தேன்.

அதன் பிறகுதான் அகுஸ்தினாரின் நூலை, குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தது போலன்றி, பொறுமையாகத் திரும்பப் படிக்கத் தொடங்கினேன். நாம் மறையுரையில் சொல்லும் மோனிக்கா ஒருவர். நூலில் உள்ள மோனிக்கா வேறொருவர். அந்த வேறுபாட்டை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில், ஹிப்போ நகரின் ஆயராக இருந்தபோது, அகுஸ்தினார் இலத்தீனில் எழுதிய நூல் இது. 'அறிக்கைகள்' என்று இங்கே குறிப்பிடுகிறேன். மூலத்தில் அச்சொல்லுக்குப் பாவத்தை அறிக்கையிடுதல், இறைவனின் புகழை அறிக்கையிடுதல் ஆகிய இரு பொருளும் உண்டு. பதின்மூன்று பகுதிகளில் முதல் ஒன்பது அவர்தம் வாழ்க்கையைக் கூறுகின்றன. அந்த ஒன்பதும் தாயின் மரணத்தோடு முடிகின்றன. தாயைப் பற்றி இவ்வளவு அன்போடும் இவ்வளவு கண்டிப்போடும் எழுதிய மகனைப் பழங்கால இலக்கியத்தில் நான் வேறு கண்டதில்லை. நாம் அன்பை மட்டும் எடுத்துக்கொண்டு கண்டிப்பை விட்டுவிட்டோம். இருபதாம் நூற்றாண்டின் உளவியல் நோக்கினர் சிலரோ, கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மகனை விழுங்க முயன்ற தாயாக அவரைச் சித்திரித்தனர். இரண்டுமே அரைகுறை வாசிப்புகள்.

நூலைத் தொடர்ந்து வாசிப்பவர்க்கு ஒரு செய்தி புலப்படும். மோனிக்கா விரும்பியவை யாவும் நல்லவை. மகனுக்குக் கல்வி, மகன் தன் அருகில் இருத்தல், அவனுக்கு மதிப்பான திருமணம், மறைச்சாட்சியரின் கல்லறைகளில் காணிக்கை, இறுதியில் கணவரின் அருகே ஒரு கல்லறை. இவற்றுள் பாவம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் இவை ஒவ்வொன்றும் அவருடைய கையிலிருந்து விலகிப் போகின்றன. மகனின் மனமாற்றத்தைக் கூறும் அதே நூல், இலைமறை காயாகத் தாயின் மனமாற்றத்தையும் கூறுகிறது.

விக்கிரகம் என்றாலே நாம் பிறரை எண்ணிப் பழகிவிட்டோம். அல்லது, சுரூபங்களை வைத்திருக்கிறீர்களே என்று நம்மைப் பழிக்கும் பிரிந்த சகோதரர்களுக்கு விடை சொல்லப் புறப்பட்டுவிடுகிறோம். 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் முதல் கொண்டு அதற்குச் சரியான விடை நம்மிடம் இருக்கிறது. ஆனால் விடை சரியாக இருப்பதாலேயே, விக்கிரகம் பற்றிய வழக்கு நம்மைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது என்ற மெத்தனமும் வந்துவிட்டது. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, 2113ஆம் எண்ணில், கடவுள் அல்லாத எதையும் கடவுளாக்குவதே சிலைவழிபாடு என்றும், அது பொய்த் தெய்வ வணக்கத்தோடு நின்றுவிடுவதில்லை என்றும் தெளிவாகக் கூறுகிறது.

கல்வியில் தொடங்குவோம். பதினாறு வயதில் அகுஸ்தினார் படிப்பு இடைநின்று வீட்டில் இருக்கிறார். கார்த்தேஜ் நகரில் மேற்படிப்புக்கு அனுப்பத் தந்தை பத்ரீசியுஸ், தம் வசதிக்கு மீறிப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார். மகன் இளமையின் தீயில் வெந்துகொண்டிருக்கிறான். திருமணம் செய்துவைத்தால் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சித் தாயும் வாளாவிருந்ததாக இரண்டாம் பகுதியில் எழுதுகிறார் அகுஸ்தினார். மகன் எப்படி வாழ்கிறான் என்பதைவிட எப்படிப் பேசுகிறான் என்பதே வீட்டுக்குக் கவலையாயிற்று. படிப்பு அவனை ஒருநாள் கடவுளிடம் சேர்க்கும் என்று தாய் நம்பினார் என்றும் அவரே சமாதானம் சொல்கிறார். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளைகளை அனுப்பாத நம் பெற்றோரும் இதே சமாதானத்தைத்தான் சொல்கிறார்கள். "பரீட்சை முடியட்டும் சாமி." இதற்கு மேல் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை; வகுப்பறையின் காலி இருக்கைகளே சான்று.

அடுத்தது கடற்கரைக் காட்சி. ஐந்தாம் பகுதியில் வருவது. உரோமைக்குப் புறப்பட அகுஸ்தினார் முடிவு செய்துவிட்டார். தாய் கார்த்தேஜ் துறைமுகம்வரை பின்தொடர்ந்து வந்து, ஒன்று தன்னோடு திரும்பு, இல்லையேல் என்னையும் அழைத்துச் செல் என்று பற்றிக்கொள்கிறார். நண்பர் ஒருவரை வழியனுப்பக் காத்திருப்பதாக மகன் பொய் சொல்கிறார். கப்பலுக்கு அருகில் இருந்த புனித சிப்ரியானின் நினைவுக் கோவிலில் இரவு தங்குமாறு தாயை இணங்க வைக்கிறார். தாய் அங்கே முழந்தாளிட்டு, மகன் கப்பல் ஏறக் கூடாது என்று இரவெல்லாம் மன்றாடுகிறார். மகன் கப்பல் ஏறிவிடுகிறார். பொழுது விடிந்தபோது கடற்கரையில் தாய் தனியே நிற்கிறார்.

இக்காட்சியை நாம் மறையுரைகளில் மகனின் துரோகமாகச் சொல்வதுண்டு. அகுஸ்தினார் தம் பொய்யை மறைக்கவில்லை. ஆனால் அவருடைய கவனம் அங்கே இல்லை. கடவுள் அன்றிரவு கேட்கப்பட்டதைத் தரவில்லை. எப்போதும் கேட்கப்பட்டு வந்ததைத் தருவதற்காகவே அன்று கேட்கப்பட்டதை மறுத்தார் என்கிறார். மகன் அந்தக் கப்பலில் ஏறியதால்தான் இத்தாலிக்குச் சென்றார். மிலானில் ஆயர் அம்புரோசியாரைக் கேட்டார். தாயின் மன்றாட்டு அன்றே நிறைவேறியிருந்தால் நமக்கு ஒரு புனித அகுஸ்தினார் கிடைத்திருக்க மாட்டார். அதோடு நில்லாமல், மகன் தன்னருகிலேயே இருக்க வேண்டும் என்ற தாயின் ஆசை, பிற தாய்மாருக்கு உள்ளதைவிட மிகுதியாக அவரிடம் இருந்தது என்றும், அந்த ஊனாசை துயரம் என்னும் சாட்டையால் அடிக்கப்பட்டது என்றும் எழுதுகிறார். மகன் எழுதத் துணியாத வரி இது. ஆயர் ஆன பிறகு, தாய் இறந்து பத்தாண்டுகள் கழிந்த பிறகு, எழுதியிருக்கிறார்.

நாம் பெரிதும் எடுத்தாளும் இன்னொரு நிகழ்ச்சியும் இதனுடன் சேர்த்து நோக்கத்தக்கது. மூன்றாம் பகுதியில் பெயர் குறிப்பிடப்படாத ஆயர் ஒருவர், இத்தகைய கண்ணீரின் மகன் அழிந்துபோக முடியாது என்ற பொருள்படச் சொன்ன சொல் நம் அன்னையர் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த ஆயர் அதற்கு முன் சொன்னது என்ன? மகனிடம் பேசச் சொல்லி வற்புறுத்திய தாயிடம், அவனை இப்போதைக்கு விட்டுவிடு, மன்றாட மட்டும் செய் என்றார். தாய் விடாமல் அழுது கெஞ்சவே, சலிப்பு மேலிட்டு அந்தப் புகழ்பெற்ற சொல்லைச் சொல்லி அனுப்பினார். சலிப்பில் பிறந்த சொல்லை நாம் வாழ்த்து மடலில் அச்சிட்டுவிட்டோம். 'விட்டுவிடு' என்ற அறிவுரைக்கு மட்டும் நம் மடல்களில் இடம் கிடைக்கவில்லை.

இப்போது நூலின் மிகக் கசப்பான இடத்திற்கு வருகிறேன். இதைப் பற்றி நான் ஒருமுறைகூட மறையுரையில் பேசியதில்லை. பிறர் பேசிக் கேட்டதுமில்லை.

அகுஸ்தினார் இளமை முதல் ஒரு பெண்ணோடு வாழ்ந்து வந்தார். சட்டப்படியான மனைவி அல்லர். ஆயினும் அவர் ஒருவருக்கே உண்மையாக இருந்ததாக நான்காம் பகுதியில் கூறுகிறார். அவர்களுக்கு அதெயோதாத்துஸ் என்னும் மகன். 'கடவுளால் கொடுக்கப்பட்டவன்' என்பது அப்பெயரின் பொருள். மிலானில் அகுஸ்தினார் உயர் பதவியில் அமர்ந்ததும், அவருக்குத் தகுதியான இடத்தில் பெண் பார்க்கும் பொறுப்பைத் தாய் ஏற்றுக்கொள்கிறார். மணமானால் மகன் திருமுழுக்குப் பெறுவான் என்பது அவர் நம்பிக்கை. பெண்ணும் அமைகிறாள். மணவயதை எட்ட அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு குறைவு. உரோமைச் சட்டத்தின்படி பெண்ணின் மணவயது 12. எனவே அச்சிறுமிக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். திருமணத்திற்கு இடையூறு என்பதால், பதினைந்து ஆண்டு அளவுக்கு உடன் வாழ்ந்த பெண் அப்புறப்படுத்தப்படுகிறார். வேறோர் ஆடவனை அறியமாட்டேன் என்று கடவுளுக்கு வாக்களித்துவிட்டு, மகனை விட்டுவிட்டு, அவர் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போகிறார். இவ்வளவுதான் நூலில் உள்ளது. அவருடைய பெயர் இல்லை.

இத்திருமணப் பேச்சில் ஒரு சிறு விவரம் என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. இத்திருமணம் குறித்து ஏதேனும் ஒரு காட்சி காட்டுமாறு மோனிக்கா நாள்தோறும் கடவுளிடம் கேட்டார். மகனும் கேட்கச் சொன்னார். கடவுள் ஒன்றும் காட்டவில்லை. ஆவல் மிகுந்த மனம் தானே புனைந்துகொண்ட வெற்றுக் காட்சிகள் சில வந்தன. கடவுள் காட்டுவதற்கும் தன் மனம் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை, சொல்லால் விளக்க முடியாத ஒருவகைச் சுவையினால் தன்னால் அறிய முடியும் என்பார் மோனிக்கா. அந்தச் சுவை இதில் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் திருமண ஏற்பாடு நிற்கவில்லை. கடவுள் பேசாதிருக்கும்போது, அவர் பேசாதிருக்கிறார் என்று தெரிந்தும், காரியத்தை நடத்திக்கொண்டு போகிறோமே, அந்த இடத்தில்தான் நல்லதொன்று விக்கிரகமாக மாறுகிறது என்று நான் எண்ணுகிறேன். திருமணம் நல்லது, அதை ஆண்டவரே அருளடையாளமாக்கினார். மகன் திருமுழுக்குப் பெற வேண்டும் என்ற நோக்கமோ அதனினும் நல்லது. இவ்வளவு நல்லவற்றின் நடுவில் ஒரு பெண் பலியிடப்பட்டார்.

பழைய உடன்படிக்கையின் இறைவாக்கினர் விக்கிரகங்களைப் பழிக்கும்போது, அவை வாய் இருந்தும் பேசாதவை என்று நகைப்பதோடு நிற்பதில்லை. அவை பிள்ளைகளைப் பலி கேட்கின்றன என்றும் கதறுகிறார்கள். இன்னோம் மகனின் பள்ளத்தாக்கில் நெருப்பில் இடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எரேமியா பேசுவதை நாம் அறிவோம். எது விக்கிரகம் என்று ஐயுறும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, நான் இதை எவ்வளவு விரும்புகிறேன் என்பது அன்று. மிகுந்த அன்பு குற்றமாகாது. இதற்காக நான் யாரைக் கொடுக்கத் துணிகிறேன் என்பதே கேள்வி. குடும்பத்தின் மதிப்பு நல்லது. அதற்காக மகளின் மணவாழ்வைக் கொடுக்கத் துணிந்த அத்தாயிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே. கேட்காமல் நவநாள் செபப் புத்தகத்தைக் கொடுத்தேன்.

இவ்வளவு விலை கொடுத்த அத்திருமணம் நடக்கவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எட்டாம் பகுதியின் இறுதியில் அகுஸ்தினார் மனந்திரும்பியபோது மணவாழ்வையே வேண்டாமென்று விட்டுவிட்டார். தாயிடம் சென்று சொன்னார். தாய் மகிழ்ந்து கொண்டாடினார். தன் வயிற்றுப் பிள்ளையின் வழியே பேரப்பிள்ளைகளைக் காண்பதைவிட அது அவருக்கு அருமையாகத் தோன்றியதாம். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆப்பிரிக்கக் கரையில் பிள்ளையைப் பிரிந்து வாழ்ந்த ஒருவருக்கு அச்செய்தி எட்டியதா என்று நூல் சொல்லவில்லை.

இனி, கட்டுரைக்குப் பெயர் தந்த கூடை. ஆறாம் பகுதியின் தொடக்கத்தில் வருகிறது. ஆப்பிரிக்கத் திருச்சபையில் மறைச்சாட்சியரின் கல்லறைகளுக்குக் கஞ்சியும் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோய்ப் படைத்து உண்ணும் வழக்கம் இருந்தது. நம் ஊர்களில் கல்லறைத் திருநாளுக்கும் அசனத்திற்கும் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. மோனிக்கா அதில் அளவறிந்தவர். எத்தனை கல்லறைகளுக்குப் போனாலும் ஒரே சிறு கிண்ணம்; நீர் கலந்து கலந்து வெதுவெதுப்பான இரசம்; வந்தவர்களோடு ஒவ்வொரு மிடறு. பக்திக்காகப் போனாரேயன்றிக் குடிக்காகப் போகவில்லை. மிலானிலும் அவ்வாறே கூடையோடு போனபோது வாயில் காப்போர் தடுத்தார். ஆயர் அம்புரோசியார் அவ்வழக்கத்தைத் தடை செய்திருந்தார். குடிப்போருக்கு அது வாய்ப்பாகிவிடுகிறது. முன்னோர்க்குப் பிற இனத்தார் எடுக்கும் படையலையும் ஒத்திருக்கிறது என்பவை காரணங்கள். மோனிக்கா மறுபேச்சின்றிக் கூடையோடு திரும்பினார். தடையைக் குறைகூறாமல் தம் வழக்கத்தையே குறைகண்டார் என்று மகன் வியக்கிறார். அதன்பின் கூடையில் கொண்டுபோனதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கல்லறைகளுக்கு மன்றாட்டோடு மட்டும் போனார்.

இதில் நான் கூர்ந்து கவனிப்பது, அவருடைய கூடையில் தவறு எதுவும் இல்லை என்பதை. குடிகாரன் கிண்ணத்தை விடுவதில் வியப்பில்லை. அளவோடு அருந்தியவர், தாய்நாட்டில் தாய் வழியாகப் பெற்ற பக்தியை, ஒரு வாயில் காப்போரின் சொல்லுக்குக் கீழே வைத்துவிட்டார். கடற்கரையில் மகனைப் பற்றிய கை இங்கே எவ்வளவு எளிதாகத் திறக்கிறது! அகுஸ்தினார் இந்த இடத்திலும் தம் குறும்பை விடவில்லை. அம்புரோசியாரைத் தவிர வேறொருவர் தடுத்திருந்தால் அம்மா இவ்வளவு எளிதில் விட்டிருப்பாரா என்று தமக்கு ஐயம் என்கிறார். தமக்குப் பிடித்த சாமியார் சொன்னால் மட்டும் கேட்பவர்கள் நான்காம் நூற்றாண்டிலும் இருந்திருக்கிறார்கள்.

மகனும் பின்னாளில் இதே சிக்கலில் அகப்பட்டார். 395இல், இன்னும் குருவாக இருந்தபோது, ஹிப்போவில் புனித லெயோன்சியுஸ் திருநாளை ஒட்டிக் கோவிலுக்குள்ளேயே நடந்த விருந்தையும் குடியையும் நிறுத்த முயன்றார். நண்பர் அலிப்பியுசுக்கு எழுதிய 29ஆம் மடலில் அதை விவரிக்கிறார். மக்கள் முணுமுணுத்தார்கள். இப்போது மட்டும் என்ன வந்துவிட்டது, இதுவரை இதைத் தடுக்காதவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா என்று கேட்டார்கள். பங்குத்தந்தையாய்ப் பணியாற்றிய எவரும் இக்கேள்வியைக் கேளாமல் இருந்திருக்க முடியாது. கேள்வியில் நியாயமும் உண்டு. அகுஸ்தினார் அதற்குச் சீறி விழவில்லை; முன்னோர் எக்காரணத்தால் அவ்வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று விளக்கினார். இறுதியில் மக்கள் பாடல்களோடு கோவிலில் தங்கினர். பிரிந்து சென்ற தொனாத்து சபையாரின் கோவிலிலிருந்து விருந்தின் ஆரவாரம் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

இங்கே எசேக்கியா அரசரை நினைக்காமலிருக்க முடியவில்லை. பாலைநிலத்தில் மோசே ஆண்டவரின் கட்டளைப்படி செய்த வெண்கலப் பாம்பை, அதற்கு மக்கள் தூபம் காட்டி வந்ததால், அவர் உடைத்தெறிந்ததாக அரசர்கள் இரண்டாம் நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அது கடவுள் சொல்லிச் செய்தது, உயிர் காத்தது, ஆண்டவர் இயேசுவே நிக்கதேமிடம் தம் சிலுவைக்கு ஒப்புமையாக எடுத்துக்காட்டியது. இவ்வளவு தூய்மையான ஒன்றை உடைக்கத் துணிந்தவரை அக்காலத்துப் பங்குப் பேரவை என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

துணிவு எனக்கும் இருந்ததில்லை. ஒரு பங்கில் கொடியேற்றத்திற்கு முந்தைய மாலை. மின்விளக்குத் தோரணம், சப்பரத்துக்கு மலர், வாண வேடிக்கை எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியை மருத்துவமனையில் சேர்க்கப் பணம் வேண்டி விவசாயக் கூலியாளர் ஒருவர் வந்து நின்றார். திருவிழா நிதி மேசைமேல் இருந்தது. அது திருவிழாவுக்கென்றே பிரித்த பணம். "திருவிழா முடியட்டும், பார்ப்போம்" என்றேன். பரீட்சை முடியட்டும் என்று பெற்றோர் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்கு அன்று தெரியவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்து அவர்கள் போனதாக உபதேசியார் பிறகு சொன்னார். பத்து நாளும் தேர்பவனி சிறப்பாக நடந்தது. நேர்த்தியான திருவிழா என்று ஊர் பாராட்டியது. தேரும் நல்லது, கொடியும் நல்லது, பாதுகாவலர் பக்தியும் நல்லது என்றே இன்றும் நம்புகிறேன். அந்த மாலையில் மட்டும் நான் வாயில் காப்போராக நின்று, தடுக்க வேண்டிய கூடையை உள்ளே விட்டு, உள்ளே விட வேண்டிய மனிதரைத் தடுத்தேன்.

அகுஸ்தினார் இதற்கெல்லாம் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். 'கிறிஸ்தவப் போதனை' என்னும் நூலின் முதற்பகுதியில், துய்த்தல் வேறு, பயன்கொள்ளல் வேறு என்கிறார். கடவுளை மட்டுமே அவருக்காகவே துய்க்க வேண்டும். ஏனையவற்றை அவரை நோக்கிச் செல்லப் பயன்கொள்ள வேண்டும். தாய்நாடு திரும்பும் வழிப்போக்கன், ஏறிவந்த வண்டியின் சுகத்திலும் வழியின் அழகிலும் மயங்கி வீட்டை மறந்துவிடும் உவமையை அவர் கையாள்கிறார். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணி நோக்கி நடக்கும் பயணிகளைப் பார்க்கும் நமக்கு உவமை எளிதில் விளங்கும். 'அறிக்கைகள்' பத்தாம் பகுதியில் கோவில் பாடல்களுக்கும் இதே அளவுகோலைப் பொருத்துகிறார்: பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை ஈர்க்கும்போது தாம் பாவம் செய்வதாக உணர்கிறார், ஆயினும் பாடல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் நம் பாடகர் குழுவினர் இப்பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

ஆனால் இந்த அளவுகோலோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. தேருக்கும் கூடைக்கும் படிப்புக்கும் அது பொருந்துகிறது. மனிதருக்குப் பொருந்துமா? மனிதரைத் துய்ப்பதா, பயன்கொள்வதா என்ற கேள்வியில் அகுஸ்தினாரே அந்நூலில் தடுமாறுவதைக் காணலாம். நான்காம் பகுதியில், இளமை நண்பர் ஒருவர் இறந்தபோது ஊரே தமக்கு வெறுத்துப்போனதைச் சொல்லி, சாகப்போகும் ஒருவரைச் சாகாதவர்போல் நேசித்ததே தம் பிழை என்கிறார். இறையியலாக அது சரி. ஆயினும் அப்பக்கங்களின் வலியைப் படிப்பவர், அந்த நட்பு வெறும் வண்டி என்று நம்பமாட்டார். அதைவிட முக்கியமானது, மிலானில் அனுப்பிவைக்கப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்தது மிகுதியான அன்பு அன்று. அவர் பயன்கொள்ளப்பட்டார். அகுஸ்தினார் தம் நெஞ்சு பிளந்து குருதி கசிந்ததாக எழுதுகிறார். தம் நெஞ்சைப் பற்றித்தான் எழுதுகிறார். அவளுடைய நெஞ்சைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் இந்த மாபெரும் நூல் இன்னும் பெரிதாகியிருக்கும். நம் திருச்சபையின் மாமேதையிடம் இப்படிக் குறை காண்பது அவமதிப்பாகாது என்று நினைக்கிறேன். தம் தாயிடமே குறை கண்டவர் அவர்.

இறுதியாகக் கல்லறை. ஊரில் கணவரின் அருகே தனக்கென ஓர் இடத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தார் மோனிக்கா. கடல் கடந்து போயும் திரும்பி வந்து கணவரோடு ஒரே மண்ணில் அடங்கினார் என்று ஊரார் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கணவரின் முன்கோபத்தையும் பிற குறைகளையும் பொறுத்து வாழ்ந்த பெண்ணுக்கு அது பெரிய ஆசையன்று. 387ஆம் ஆண்டு, ஆப்பிரிக்கா திரும்பும் வழியில், ஓஸ்தியாத் துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு படுத்தார். வேற்றூரில் சாகக் கூடாதே என்று ஒரு மகன் வருந்திச் சொன்னபோது, இன்னும் இப்படி நினைக்கிறாயே என்று கண்ணாலேயே கண்டித்தார். உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதற்காகக் கலங்காதீர்கள் என்றார். ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைக்குமாறு மட்டும் கேட்டார். கடவுளுக்குத் தொலைவு என்று ஒன்றில்லை, உயிர்ப்பிக்க வேண்டிய நாளில் இடம் தெரியாமல் போகாது என்ற பொருளில் அவர் சொன்னதை நண்பர்கள் பிறகு மகனிடம் தெரிவித்தார்கள். அவருக்கு அப்போது வயது 56. அந்தப் பழைய ஆசை எப்போது அவரை விட்டுப் போயிற்று என்று தமக்குத் தெரியாமலே போயிற்றே என்று மகன் வியக்கிறார். கடற்கரையில் அழுது பிடுங்கப்பட்டது, கூடையாகக் கீழே வைக்கப்பட்டது, இங்கே யாரும் கேளாமலே நழுவிப் போயிருக்கிறது.

அவர் விட்டுவிட்ட கல்லறையை நாம் விடவில்லை. திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் காலத்தில், 1430இல், ஓஸ்தியாவிலிருந்து அவருடைய எலும்புகள் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அங்குள்ள புனித அகுஸ்தினார் கோவிலில் வணக்கம் பெறுகின்றன. 1945இல் ஓஸ்தியாவின் புனித ஔரேயா கோவிலருகே விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள், அவருடைய பழைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டைக் கண்டெடுத்தார்கள்.

முதல் ஒன்பது பகுதிகளிலும் தாய், தாய் என்றே குறிப்பிட்டு வந்த மகன், நூல் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் மோனிக்கா என்று பெயர் சொல்கிறார். ஒன்பதாம் பகுதியின் இறுதியில், இதைப் படிப்போர் ஆண்டவரின் பீடத்தில் மோனிக்காவையும் பத்ரீசியுசையும் நினைக்க வேண்டும் என்று கேட்கும் இடம் அது. சில ஆண்டுகளாக ஆகஸ்டு 27ஆம் நாள் திருப்பலியில், இறந்தோரை நினைவுகூரும் இடம் வரும்போது, மோனிக்கா, பத்ரீசியுஸ் ஆகிய பெயர்களை மனத்துக்குள் சொல்கிறேன். பிறகு சற்று நிறுத்துகிறேன். பெயர் தெரியாத ஒருவருக்காக.